குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் சொல்ல வேண்டியது

1

இந்தப் பிப்ரவரியோடு எனக்கு அறுவை நடந்து இரண்டு வருடம் முடிந்தது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைக்காய் அளவுக்குத் தைத்து விடுவார்கள். எடை கூடிக்கொண்டே போய், முப்பது வயதுக்குள் சர்க்கரையும் முட்டிவலியும் வந்து, நடை, பட்டினி, மாத்திரை எல்லாம் தோற்ற பிறகு மருத்துவர்கள் சொன்ன வழி அது. அறுவை ஒரு மணி நேர வேலை. அதற்குப் பிறகு வாழ்வதுதான் வேலை. இந்தக் குறிப்புகள் அந்த இரண்டாவது வேலையைப் பற்றியவை.

நான் நைனார்பாளையத்துக்காரி. கள்ளக்குறிச்சியில் பொறியியல் படித்து, சென்னையில் மூன்று வருடம் வேலை பார்த்து, இப்போது ஜெர்மனியின் தெற்கே ஸ்டுட்கார்ட் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறேன். காரின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் மென்பொருளைச் சோதிப்பது என் தொழில். எது எப்படியெல்லாம் தவறிப்போகலாம் என்று காலையிலிருந்து மாலைவரை பட்டியல் போடுவேன். வீட்டிலும் அந்தப் பழக்கம் என்னை விடுவதில்லை.

எங்கள் ஊர் நூலகத்தின் மாடி அறையில் மாதம் ஒரு முறை, இதே அறுவை செய்துகொண்ட பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். இங்கிரிட் என்ற ஓய்வுபெற்ற தபால்காரப் பெண்மணிதான் எங்களை நடத்துகிறார். ஆண்டு நிறைவு வருகிறவர், புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு தாள் எழுதிப் படிக்க வேண்டும். தனக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாமே என்று நினைக்கும் விஷயங்கள் மட்டும் அதில் இருக்க வேண்டும். யாரும் கை தட்டுவதில்லை. தாள் கோப்புக்குள் போய்விடும்.

நான் படித்தது இது:

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதீர்கள். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே அரைமணி நேரம் இருக்கட்டும்.

தட்டில் முட்டை, பருப்பு, தயிர், மீன் எதுவோ அதை முதலில் சாப்பிடுங்கள். சோறும் ரொட்டியும் இடம் இருந்தால்.

மூன்றாம் மாதம் முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப முளைக்கும். அதற்குள் எண்ணெய்க்கடைக்காரர்களைப் பணக்காரர்கள் ஆக்க வேண்டாம்.

சத்து மாத்திரை உயிர் உள்ளவரை.

வாந்தி ஓரிரு நாளில் நிற்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், அறுவை செய்த இடத்துக்குப் போங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும். மறைத்துச் சாப்பிடவும் முடியாது, மறைத்துச் சாப்பிடாமல் இருக்கவும் முடியாது.

படித்து முடித்ததும் இங்கிரிட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உன் அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்படியென்றால் கடைசி வரியை அடி. இல்லை, அம்மாவிடம் சொல்."

"சொல்வேன். சீக்கிரம்."

"தபால் மாதிரி பேசாதே," என்றார். "தபால் தாமதமாகும் என்று எனக்குத் தெரியும்."

2

ஏன் சொல்லவில்லை என்பதற்கும் என்னிடம் ஒரு பட்டியல் உண்டு.

என்னைப் பார்க்க மூன்று முறை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மூன்று வீட்டாரும் பஜ்ஜி சாப்பிட்டார்கள், மூன்று வீட்டாரும் ஊருக்குப் போய்ச் சேதி சொல்கிறோம் என்றார்கள். மூன்றாவது கூட்டத்தில் ஒரு பெரியம்மா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது, ரெண்டு பொண்ணு லட்சணம்," என்றாள். அம்மா அன்று சாயங்காலம்வரை யாரிடமும் பேசவில்லை. அப்படிப்பட்டவளிடம், நானே போய் வயிற்றை வெட்டிக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது? கல்யாணமாகாத பெண்ணின் வயிற்றில் ஐந்து தழும்பு என்றால் அவளுக்குத் தூக்கம் போய்விடும். இது முதல் காரணம்.

இரண்டாவது, வெட்கம். உழைத்து இளைப்பதுதான் இளைப்பு, மற்றதெல்லாம் குறுக்குவழி என்று நானே நம்பியிருந்தேன். இங்கே அந்தக் குறுக்குவழிக்கு அனுமதி வாங்க எவ்வளவு நீளமாக நடந்தேன் தெரியுமா? மருத்துவக் காப்பீட்டு அலுவலகம் ஆறு மாத உணவுக் குறிப்பேடு கேட்டது. மனநல மருத்துவரின் கடிதம் கேட்டது. கொடுத்தேன். ஒரு கையெழுத்து நீல மையில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். உணவுக் குறிப்பேட்டில் 'பொங்கல்' என்று எழுதியிருந்ததற்கு, இது பண்டமா பண்டிகையா என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. இரண்டும்தான் என்று பதில் எழுதினேன். அதற்குப் பிறகு அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

மொழியும் என் காலை வாரியது. அறுவை முடிந்து முதல் அலுவலக விருந்தில், வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்வதாக நினைத்து ஒரு சொல்லைச் சொன்னேன். அதற்கு இங்கே 'எனக்குப் போதை ஏறிவிட்டது' என்று அர்த்தமாம். மேலாளர் என் கையிலிருந்த தண்ணீர் டம்ளரைச் சந்தேகமாகப் பார்த்தார்.

இப்படியெல்லாம் சிரிக்கக் கற்றுக்கொண்டேன். அம்மாவிடம் சொல்ல மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

3

போன வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பாதி ஆளாகப் போய் இறங்கினேன். சின்னசேலம் ரயில் நிலையத்தில் அண்ணன் என்னைத் தாண்டிப் போய் வேறு பெட்டியில் தேடினான். அம்மா என் தோள்பட்டையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, இப்படிக் கரைஞ்சிட்ட?" என்றாள்.

"நடக்கறேன்மா. தெனமும்."

அந்த ஒரு பொய்தான் இந்தக் கதையில் நடந்த எல்லாவற்றுக்கும் முதல் வரி.

அம்மா அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். தெருவோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. என் அண்ணி அமுதாவுக்கும் என்னைப் போலவே உடம்பு. கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. எடை குறைந்தால் வாய்ப்பு உண்டு என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அது போதும். அண்ணி இட்லியில் கைவைக்கும்போதெல்லாம், "அவ நடந்து எளைச்சிக்கினு வரல? கால் உனக்கும் ரெண்டுதான இருக்குது," என்றாள்.

அண்ணி நடந்தாள். விடியற்காலையில் ஏரிக்கரையில், புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, நான் ஊரில் இருந்த நாளெல்லாம் நடந்தாள். நானும் கூட நடந்தேன். ஐந்தாம் நாள் மூச்சு வாங்கக் கரையில் உட்கார்ந்து, "உனக்கு மட்டும் எப்படி சத்யா கரைஞ்சுது? எனக்கு முட்டிதான் கரையுது," என்றாள்.

அன்று மதியம் அறைக் கதவைச் சாத்தி அவளுக்கு என் தழும்புகளைக் காட்டினேன். அவள் ஒன்றையும் தொடவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"வலிச்சுதா?"

"ஒரு வாரம்."

"உங்கம்மா கிட்ட சொல்லல."

"இல்ல அண்ணி."

"நானும் சொல்ல மாட்டேன்," என்றாள். எனக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். தனக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள் என்று ஐப்பசியில்தான் தெரிந்தது. அண்ணனும் அவளும் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் விசாரித்து, தேதி வாங்கி, அம்மாவிடம் பித்தப்பையில் கல் என்று சொல்லிவிட்டுப் போய் அறுவை செய்துகொண்டு வந்துவிட்டார்கள். பித்தப்பை யோசனை என்னுடையது. தழும்பு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் என்று நான்தான் போனில் சொன்னேன். சோதனைக்காரியின் மூளை அதற்கும் உதவியது.

4

மாசி பிறந்த சமயம், என் ஆண்டு நிறைவுத் தாளைப் படித்த அதே வாரம், ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிட்டாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்மா."

"இன்னா சாப்ட்ட?"

"ஒரு முட்டை. கொஞ்சம் தயிர்."

"நம்ம வூட்டு அடைக்கோழி கூட அதவிட ஜாஸ்தி துன்னும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வூட்ல ஒரு சேதி இருக்குது. இப்ப வாயத் தொறக்கக் கூடாது. மூணு மாசம் முடியட்டும்."

"இன்னா சேதி?"

"சொல்லக் கூடாதுன்றேன், இன்னா சேதின்ற. உங்க அண்ணி சோத்தக் கண்டா ஓடறா. போதுமா? போன வை."

எங்கள் பக்கத்தில், வயிற்றில் தங்கியதை மூன்று மாதம் முடியும்வரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கண் படும். அப்படிப்பட்டவளிடம் போய்க் கேட்கவும் மாட்டார்கள். தெரிந்தவர்கள் தெரியாதது போல நடந்துகொள்வார்கள். கையிலிருக்கும் பாரத்தை வாங்கிக்கொள்வார்கள், தட்டில் இன்னொரு கரண்டி வைப்பார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் மதிய இடைவேளையில் அலுவலக வாகன நிறுத்தத்துக்குப் போய் நின்று அண்ணியைக் கூப்பிட்டேன். சுற்றிலும் பனி. போனின் அந்தப் பக்கம் எங்கள் மாட்டுக் கொட்டகையில் கன்று கத்தும் சத்தம்.

"அண்ணி, அம்மா என்னமோ சொல்றாங்க."

"சொல்லிட்டாங்களா."

"நீங்க முழுகாம இருக்கீங்கன்னு சொன்னீங்களா?"

"நான் ஒண்ணுமே சொல்லல சத்யா. அதான் வம்பே."

"இல்லன்னு சொல்றதுதான?"

"கேட்டாதான இல்லன்னு சொல்றது? உங்கம்மா கேக்கவே இல்ல. ரெண்டு மாசமா நான் தலைக்கு ஊத்திக்கல, அத எண்ணிக்கினு இருந்திருக்காங்க. அப்பால வாந்தி எடுத்தத பாத்தாங்க. சத்து மாத்திரய பாத்தாங்க. அவங்களே கூட்டிக் கணக்கு போட்டுக்கினாங்க."

திடீரென எடை இறங்கும்போது மாதவிடாய் தள்ளிப்போவது உண்டு. அது எனக்கும் நடந்தது.

"அண்ணனாவது சொல்லக் கூடாதா?"

"அவரு சொல்றன்னாரு. நான்தான் வேணான்னேன்." அவள் குரல் இறங்கியது. "எட்டு வருஷத்துல உங்கம்மா மொத தடவையா என் கையில இருந்து கொடத்த வாங்கினாங்க. 'அமுதா கண்ணு'ன்னு கூப்பட்றாங்க. எங்க வாயத் தொறக்கறது நான்?"

"சாப்பிட இன்னா தராங்க?" என்று கேட்டேன்.

"சந்தையில மலைக்காரம்மா கிட்ட தேன் வாங்கியாந்து பால்ல ஊத்தித் தராங்க. கல்வராயன் மலைத் தேனாம், புள்ள செவப்பா பொறக்குமாம். குடிச்ச பத்து நிமிஷத்துல வேர்த்துக் கொட்டி மயக்கமா வருது. ஜவ்வரிசிக் கஞ்சி காச்சறாங்க, ஒரு சொம்பு. குடிக்கலன்னா மொகம் வாடிப்போவுது. குடிச்சிட்டுக் கொல்லைக்குப் போயி வாந்தி எடுக்கறேன். அத பாத்துட்டு இன்னொரு சொம்பு கொண்டாறாங்க."

மரவள்ளி விளையும் ஊர் எங்களுடையது. அந்தக் கிழங்கை ஜவ்வரிசியாக்கும் சேகோ ஆலைப் பக்கமாகப் போனாலே புளித்த வாடை வீசும். உடம்பு சரியில்லாத யாருக்கும் எங்கள் ஊரில் முதல் வைத்தியம் ஜவ்வரிசிக் கஞ்சிதான். அதில் மாவைத் தவிர ஒன்றும் கிடையாது. 'முதல் இரண்டு வாரம் நீர் ஆகாரம்' என்று மருத்துவமனை கொடுத்த தாளில் இருந்தது. அந்த இரண்டு வாரத்தோடு முடிய வேண்டிய நீர் ஆகாரம், அண்ணிக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. தாள் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில். புரதப்பொடி டப்பாவும் அங்கேதான். வெளியே எடுத்தால் அம்மா கேட்பாள்.

"வாந்தி எத்தன நாளா?"

"பதினஞ்சு நாளுக்கு மேல. மாத்திரயும் வெளிய வந்துடுது, அதனால நிறுத்திட்டேன்."

"கால்ல ஏதாவது?"

"கால் இன்னாவோ மரமரன்னு இருக்குது. செருப்பு போடாமலே செருப்பு போட்டாப்பல."

உடனே சேலம் போக வேண்டும் என்றேன். அண்ணன் கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறான், வியாழக்கிழமை கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறான் என்றாள். இன்றே போங்கள் என்றால் அம்மாவிடம் காரணம் சொல்ல வேண்டும். நான் "சரி, வியாழன்," என்றேன். ஓரிரு நாளுக்கு மேல் காத்திருக்காதே என்று சில நாளுக்கு முன்புதான் பதினைந்து பேருக்குப் படித்துக் காட்டியவள் நான்.

5

செவ்வாய் மாலை இங்கிரிட்டைப் போய்ப் பார்த்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. கால் மரத்துப்போவதைச் சொன்னதும் கத்தியை வைத்தார்.

எங்கள் குழுவில் ஒருவருக்கு இதே போல நடந்ததாம். நாள்கணக்கில் வாந்தி எடுத்தால் உடம்பில் பி1 என்ற சத்து தீர்ந்துவிடும். முதலில் கால், பிறகு கண், பிறகு நடை, நினைவு. அந்த நிலையில் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றினால் மிச்சமிருக்கும் சத்தையும் அது எரித்துவிடும். பி1 ஊசியை முதலில் போட வேண்டும், குறைந்தபட்சம் கூடவே போட வேண்டும். இதையெல்லாம் மருத்துவர்கள் அறிவார்கள். ஆனால் இப்படி ஓர் அறுவை நடந்திருக்கிறது என்று யாராவது அவர்களிடம் சொல்ல வேண்டும்.

"உன் ஊரில் வாந்தி எடுத்தால் என்ன செய்வார்கள்?" என்று இங்கிரிட் கேட்டார்.

குளுக்கோஸ் ஏற்றுவார்கள். எங்கள் ஊரில் குளுக்கோஸ் ஏற்றாத டாக்டரை டாக்டர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

புதன்கிழமை காலைக் கூட்டம் முடிந்ததும் அண்ணியைக் கூப்பிட்டேன். அங்கே பிற்பகல். போனை எடுத்தது அம்மா.

"சின்னசேலத்துல ஆஸ்பத்திரில இருக்கோம். நீ பயப்படாத. கொல்லையில தலை சுத்தி உக்காந்துட்டா. ஷேர் ஆட்டோவுல தூக்கியாந்துட்டேன். மசக்கை வாந்திதான். ஒடம்புல தண்ணி கம்மியாயிடுச்சாம், குளுக்கோஸ் போடறன்றாங்க."

"போட்டாச்சா?"

"பாட்டில மாட்டிக்கினு இருக்காங்க."

கூட்ட அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு சக ஊழியர் காபிக் கோப்பையோடு தலையசைத்துவிட்டுப் போனார்.

"அம்மா, நான் சொல்றத மட்டும் கேளு. அப்பால எவ்ளோ வேணா திட்டு. ஒண்ணு, அண்ணி முழுகாம இல்ல. ரெண்டு, ஐப்பசியில பண்ணது கல்லு ஆபரேசன் இல்ல. எடை கொறையறதுக்கு இரைப்பைய வெட்டிச் சின்னதாக்கியிருக்காங்க. மூணு, அத இப்பவே டாக்டர்கிட்ட சொல்லணும், பாட்டில் ஏத்தறதுக்கு முன்னாடி. அதுக்கு வேற ஒரு ஊசி மொதல்ல போடணும்."

"இன்னா ஒளர்ற. யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. எனக்கும் அதேதான் பண்ணியிருக்கு. ரெண்டு வருஷம் ஆவுது."

மின்விசிறி கிரீச்சிடும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அம்மா மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

பிறகு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, உரத்த குரலில் அம்மா சொன்னாள்: "நர்சம்மா, அத மாட்டாதீங்க. டாக்டரக் கூப்புடுங்க. இவளுக்கு வயித்துல பெரிய ஆபரேசன் பண்ணியிருக்காங்க. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றாள். தன்னிடம் பொய் சொன்னார்கள் என்று சொல்லவில்லை.

டாக்டர் போனை வாங்கினார். என்ன அறுவை, எப்போது, எத்தனை நாள் வாந்தி, பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரிகிறதா என்று கேட்டார். நேற்று இங்கிரிட் வீட்டிலிருந்து வந்ததும் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்துச் சொன்னேன். "நல்லவேளை சொன்னீங்க. பி1 ஊசி முதல்ல போட்டுடறேன். நேரா சேலத்துக்கு அனுப்பறேன்," என்றார். சாயங்காலத்துக்குள் அண்ணன் லோடு லாரியை அப்படியே விட்டுவிட்டு வந்து, மூவரும் ஆம்புலன்சில் சேலம் போய்ச் சேர்ந்தார்கள்.

6

நான்கு நாள் அண்ணி மருத்துவமனையில் இருந்தாள். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததில், தைத்த இடம் சுருங்கவில்லை, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வாழைக்காய் அளவு இடத்துக்குள் சொம்பு சொம்பாகக் கஞ்சி போனதுதான் காரணம். காலில் மரமரப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. போய்விடும் என்கிறார்கள், மெதுவாக.

நான்காம் நாள் அண்ணியே கூப்பிட்டாள்.

"உங்கம்மா பக்கத்துலயே உக்காந்திருக்காங்க சத்யா. வாந்தி எடுத்த பேசன தூக்கறாங்க, கால் அமுக்கறாங்க. ஒரு வார்த்த பேசல. திட்டினா கூட தேவல."

"இப்ப எங்க?"

"சாப்பாடு சொல்லித்தர்ற அம்மா கிட்ட போயிருக்காங்க. காலையில என்னக் காட்டி, 'எத்தன ஸ்பூன், எத்தன மணிக்கு, கஞ்சி வேணான்னா வேற இன்னா, தெளிவா சொல்லுங்க'ன்னு சண்ட மாதிரி கேட்டுக்கினு இருந்தாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லட்டா? வயித்துல ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு பதினஞ்சு நாள் நானே நம்பிக்கினு இருந்தேன்."

"எனக்குப் புரியுது அண்ணி," என்றேன். உண்மையில் முழுதாகப் புரியவில்லை. ஆனால் அவள் அழுது முடிக்கும்வரை போனை வைக்காமல் இருந்தேன். எங்கள் குழுவில் கற்றுக்கொண்டவற்றில் மிகவும் பயன்பட்டது அதுதான்.

ஊரில் இந்த அறுவை செய்துகொண்டவர்கள், செய்துகொள்ளப் போகிறவர்கள் இதைப் படித்தால், உங்களுக்குச் சில வார்த்தைகள்.

நீங்கள் செய்தது குறுக்குவழி அல்ல. தினமும் மூன்று வேளை, வாழ்நாள் முழுக்க நடக்க வேண்டிய வழியைக் குறுக்குவழி என்று சொல்பவரை உங்களோடு ஒரு வாரம் சாப்பிடச் சொல்லுங்கள். இலையில் வைத்ததை மிச்சம் வைப்பது நம் ஊரில் அவமரியாதை. வைத்த பிறகு மிச்சம் வைப்பதைவிட, வைக்கும்போதே இலைக்கு மேல் கை நீட்டித் தடுப்பது எளிது. அல்லது சின்னத் தட்டு கேளுங்கள். கறி விருந்தில் ஈரல் துண்டு இரண்டு, மென்று மென்று தின்றால் போதும். கேட்பவரிடம் டாக்டர் சொன்னார் என்றால் எங்கள் பக்கம் யாரும் மேலே பேச மாட்டார்கள். கண்ணாடியில் தெரிகிற ஆளை உங்களுக்கு அடையாளம் தெரிய ஒரு வருடம் ஆகும். அதுவரை பழைய அளவிலேயே ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு நீங்களே சிரிப்பீர்கள். சில நாள் காரணமில்லாமல் அழுகை வரும். சோறு நமக்குச் சோறு மட்டுமாக இருந்ததில்லை. அது போன இடத்தில் ஒரு வெற்றிடம் இருக்கும். அதைப் பற்றிப் பேச ஒரே ஓர் ஆள் தேடிக்கொள்ளுங்கள். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் டாக்டர் சொல்லும்வரை பொறுங்கள், ஒரு வருடத்துக்கு மேல் சொல்வார்கள். அண்ணிக்கும் அதைத்தான் சொன்னார்கள். பிறகு வாய்ப்பு உண்டு என்றும் சொன்னார்கள்.

மிக முக்கியமானது, அறுவை நடந்ததைச் சொல்லும் ஒரு சீட்டு எப்போதும் உங்கள் பர்ஸில் இருக்கட்டும். நீங்கள் மயங்கி விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேச வேண்டும். அவருக்குத் தெரிந்ததைத்தான் அவர் பேசுவார்.

மூன்று மாத வழக்கத்தின் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அதுதான் எல்லோர் வாயையும் கட்டியது. ஆனால் அதே வழக்கத்தால் அம்மா தெருவில் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. திரும்பி வந்தபோது யாரும் துக்கம் கேட்க வரவில்லை, யாரும் உதட்டைப் பிதுக்கவில்லை. இல்லாமல்போன பேரப்பிள்ளைக்காக வருத்தப்பட்டவள் அவள் ஒருத்திதான். எப்போது, எங்கே உட்கார்ந்து வருத்தப்பட்டாள் என்று யாருக்கும் தெரியாது.

7

என்னிடம் அம்மா இரண்டு வாரம் பேசவில்லை. நான் கூப்பிட்டால் போனை அண்ணியிடம் கொடுத்தாள். அண்ணி கணக்கு ஒப்பித்தாள்: காலையில் முட்டை வெள்ளை, பதினொரு மணிக்கு மோர், மதியம் பருப்பும் கீரையும் மசித்து நான்கு ஸ்பூன். "ஸ்பூனக் கூட உங்கம்மாதான் புடிச்சிக்கினு நிக்கறாங்க. கம்மியா துன்னாலும் மொறைக்கறாங்க, ஜாஸ்தியா துன்னாலும் மொறைக்கறாங்க." அவள் சிரித்தது நல்ல சத்தமாகக் கேட்டது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அம்மாவே கூப்பிட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"உனக்கு வெட்டினப்ப பக்கத்துல யாருடி இருந்தா?"

நான் சன்னலோரம் நின்றிருந்தேன். தெருவில் யாரோ நாயைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"யாரும் இல்லம்மா. நர்சுங்க இருந்தாங்க. மூணாம் நாள் நானே வூட்டுக்கு வந்தேன்."

"நடுவுல நான் உனக்குப் போன் பண்ணேன்."

"பண்ண."

"குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. இன்னாடின்னு கேட்டேன். சளின்ன."

"ஆமா."

"மொளகு ரசம் வச்சிக் குடின்னு சொன்னேன்." அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "குடிச்சியா?"

"இல்லம்மா. அன்னிக்குத் தண்ணி கூட ஸ்பூன்லதான் குடிக்கலாம்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"எத்தன ஸ்பூன்?" என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.